வாட்ஸ்-அப்பில் மலையே பேசுது; ஆபத்து என்றால் 108 வருமா?

ஜவ்வாது மலைக்கு இன்டர்நெட் ஏறிக்கொண்டு இருக்கிறது. கூடவே ஓர் அபாயமும் ஏறுகிறது!

பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போன கணவருடன் மலைக் கிராமத்துப் பெண் முகம் பார்த்துப் பேசலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள் அம்மாவுக்கு தினமும் ‘கால்’ போடலாம். தனியாகக் காசு இல்லை. அந்தக் காலம் போல டிரங்கால் பதிவு செய்துவிட்டு தபால் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கவும் தேவை இல்லை.

எல்லாம் நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் வீட்டில் யாரையாவது பாம்பு கடித்துவிட்டால்? அதே போனில், அதே வாட்ஸ்-அப்பில், 108 ஆம்புலன்சைக் கூப்பிட முடியுமா?

முடியாது!

குரல் போகும், உதவி வராது

சாதாரண போனில் 108, 112, 100 என்று எண்ணைத் தட்டினால் அரசின் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். வாட்ஸ்-அப் போன்ற செயலிகளில் அப்படி எண்ணைத் தட்டிக் கூப்பிட வழியே கிடையாது. அதே செயலியை வைத்திருக்கும் இன்னொருவருடன் பேசலாம். அவ்வளவுதான்.

இதை அந்தக் கம்பெனி மறைக்கவில்லை. போலீஸ், தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி போன்ற அவசர உதவிக்கு எங்கள் சேவையில் இணைப்பு கிடையாது, அதற்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. ஆனால் அதைப் படித்தவர் எத்தனை பேர்? ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். இந்தியாவில் வாட்ஸ்-அப் வைத்திருப்போர் 50 கோடிக்கும் மேல்!

நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இன்டர்நெட்டை விட்டுவிட்டு சிம் கார்டு வழியாக 108 போட்டுவிடலாம். வேலூர் பஜாரிலோ திருவண்ணாமலை பஸ் நிலையத்திலோ டவருக்குப் பஞ்சம் இல்லை.

மலையில் கதை வேறு. டவர் சிக்னல் வந்து வந்து போகும் குக்கிராமங்கள் அங்கே உண்டு. ஒரு பாறை மேல் ஏறினால் கிடைக்கும், இறங்கினால் போய்விடும். அப்படிப்பட்ட ஊருக்கு கேபிள் வழியாக ‘வைபை’ மட்டும் வந்தால் என்ன ஆகும்? ஊரே பேசும். ஆனால் உயிர் காக்கும் எண்ணைக் கூப்பிட முடியாது.

தமிழ்நாட்டில் 12 ஆயிரத்து 525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் மூலம் இன்டர்நெட் கொடுப்பது என்று திட்டம் போடப்பட்டது. அடுத்து செயற்கைக்கோள் இன்டர்நெட் பேச்சு. ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூன் மாதம் மத்திய தொலைத்தொடர்பு துறை உரிமம் கொடுத்தது. டவரே இல்லாத மலையிலும் கூரை மேல் ஒரு தட்டு வைத்தால் போதும் என்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

குலை நடுங்க வைத்த 2 சம்பவங்கள்

ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலையின் தலைநகர் மாதிரி. அங்கிருந்து கீழே போளூருக்கு இறங்கவே சுமார் 40 கிலோ மீட்டர். வளைந்து வளைந்து போகும் ரோடு.

2022 ஏப்ரல் 2-ந் தேதி. திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பகுதியில், சேம்பரை மலைக்கோவிலுக்குப் புறப்பட்ட பக்தர்களின் வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் உயிர் போனது. பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள்.

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு தாலுகா, அல்லேரி மலையில் உள்ள அத்திமரத்துக்கொல்லை கிராமம். தூங்கிக் கொண்டிருந்த ஒன்றரை வயது பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. அதோடு முடியவில்லை. பிரேத பரிசோதனைக்குப் பிறகு ஆம்புலன்சு பாதி வழி வரைதான் வர முடிந்தது. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி பல கிலோ மீட்டர் நடந்தே மலை ஏறினாள். நாடே கண்ணீர் விட்டது.

அல்லேரியில் முதல் குற்றவாளி ரோடு. இன்டர்நெட் போன் அல்ல. அதை ஒளித்துப் பேசக் கூடாது. ஆனால் இரண்டு சம்பவங்களும் ஒன்றைச் சொல்கின்றன. ரோடு மோசமான ஊரில் ஒவ்வொரு நிமிடமும் தங்கம். அங்கே தகவல் போவதில் 10 நிமிடம் தாமதம் ஆனால், மலை இறங்குவதில் அந்த 10 நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே முடியாது.

“நீங்க எங்க இருக்கீங்க?”

108 திட்டம் தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு தொடங்கியது. அதன் கட்டுப்பாட்டு அறை சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மலையில் இருந்து கூப்பிட்டாலும் மயிலாப்பூரில் இருந்து கூப்பிட்டாலும் அங்கேதான் மணி அடிக்கும்.

அங்கே கேட்கும் முக்கியமான கேள்வி, “எந்த இடம்?”

அண்ணாசாலையில் இருப்பவர் எல்.ஐ.சி. பக்கத்தில் என்று சொல்லிவிடுவார். மலைவாசி என்ன சொல்வார்? அத்திமரத்துக்கொல்லை, ஜார்தான்கொல்லை என்று ‘கொல்லை’யில் முடியும் பெயர்கள் எத்தனையோ! பதற்றத்தில் குழறினால் தேனாம்பேட்டையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இதனால்தான் கூப்பிடுபவர் வாய் திறக்கும் முன்பே இடம் தெரிய வேண்டும் என்று உலகம் முழுவதும் பாடுபடுகிறார்கள்.

பழைய கறுப்பு டெலிபோனில் இந்தத் தொல்லை இல்லை. ஒயர் எந்த வீட்டுக்குப் போகிறதோ அதுதான் விலாசம். எக்ஸ்சேஞ்ச் ரிஜிஸ்டரில் இருக்கும். கரண்ட் போனாலும் பேசலாம். ஏனென்றால் எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியே ஒயர் வழியாக மின்சாரம் அனுப்பும்.

செல்போன் வந்ததும் விலாசம் போய் டவர் வந்தது. எந்த டவரில் இருந்து அழைப்பு வருகிறது என்பதை வைத்து வட்டாரத்தைச் சொல்லலாம். சென்னையில் சந்துக்குச் சந்து டவர் இருப்பதால் ஓரளவு நெருங்கலாம். மலையில் ஒரே டவர் பல மைல் பரப்புக்கு. பக்கத்து மலையா, எதிர் மலையா என்றே குழப்பம்.

இன்டர்நெட் போனில் டவரும் இல்லை. குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு இன்டர்நெட்டில் போகிறது. பார்ப்பவருக்குத் தெரிவது இன்டர்நெட் கம்பெனியின் எண்தான். ஆள் மலையில் இருப்பார். கணக்கு சென்னை என்று காட்டலாம். வீட்டு மோடமும் கரண்ட் போனால் அணைந்துவிடும். காற்றும் மழையும் அடிக்கும் இரவில் முதலில் போவதே கரண்ட்தானே!

இதே மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த மலையில் இருந்து சொல்லிவிடுகிறார்கள். அதே மலையில் இருந்து உதவி கேட்பவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்றால் என்ன கொடுமை!

கனடாவில் பறிபோன குழந்தை

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. நடந்தே இருக்கிறது.

2008-ம் ஆண்டு கனடா நாட்டின் கல்காரி நகரம். ஒன்றரை வயது ஆண் குழந்தைக்கு உடல்நிலை திடீர் என்று மோசமானது. வீட்டில் இருந்தது இன்டர்நெட் போன். உடனே 911 போட்டார்கள். ஆம்புலன்சும் புறப்பட்டது.

எங்கே? அந்தக் குடும்பம் முன்பு குடியிருந்த மிசிசாகா நகரத்து வீட்டுக்கு! கல்காரியில் இருந்து 2 ஆயிரத்து 500 கிலோ மீட்டருக்கும் அப்பால்! போன் கம்பெனி ரிஜிஸ்டரில் பழைய விலாசமே இருந்ததால் வந்த வினை.

இங்கே வாசலைப் பார்த்தபடியே நின்றார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் கடந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடி, சாதாரண டெலிபோனில் மறுபடி கூப்பிட்டார்கள். சில நிமிடங்களில் ஆம்புலன்சு வந்தது. ஆனால் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அல்லேரி குழந்தைக்கும் ஒன்றரை வயது. கல்காரி குழந்தைக்கும் ஒன்றரை வயது. ஒரு இடத்தில் ரோடு இல்லை. இன்னொரு இடத்தில் பளபளவென்று ரோடு இருந்தும் ஆம்புலன்சுக்கு வீடு தெரியவில்லை. இரண்டும் ஒரே மலையில் ஒரே நாளில் சேர்ந்தால் கதி என்ன?

அதற்கு முன்பே 2005 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு சம்பவம். வீடு புகுந்த கொள்ளையர்கள் கணவன்-மனைவியைச் சுட்டார்கள். மகள் ஓடிப்போய் இன்டர்நெட் போனில் 911 போட்டாள். இந்த போனில் 911 கிடைக்காது என்று பதிவு செய்த குரல் பதில் சொன்னது! பக்கத்து வீட்டுக்கு ஓடித்தான் போலீசைக் கூப்பிட முடிந்தது. நல்லவேளை, பெற்றோர் பிழைத்தார்கள்.

அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. அதே 2005-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டது. சாதாரண எண்களோடு பேச வசதி தரும் இன்டர்நெட் போன் கம்பெனிகள் 911 இணைப்பைக் கொடுத்தே ஆகவேண்டும், வாடிக்கையாளரின் விலாசத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும், 120 நாள்தான் கெடு என்று கறாராகச் சொல்லிவிட்டது.

இந்தியாவில் என்ன சட்டம்?

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனுக்கு 2002 ஏப்ரலில் கதவு பாதி திறந்தது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். உள்நாட்டு டெலிபோன் எண்ணுக்குப் பேசக் கூடாது. 2018-ல்தான் அதற்கும் அனுமதி வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற பெயரில் நாட்டிலேயே முதன்முதலாக அப்படிப்பட்ட சேவையை அறிவித்தது.

அவசர அழைப்பு விஷயம் அப்போதே மேஜைக்கு வந்தது. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் சிபாரிசில் சொன்னது இதுதான்: இருப்பிடத்தோடு அவசர அழைப்பு வசதி தரும்படி கம்பெனிகளை ஊக்கப்படுத்தலாம், இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம், வசதியில் உள்ள குறைகளை வாடிக்கையாளரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும்.

அதாவது, செய்தால் நல்லது. செய்யாவிட்டால் சொல்லிவிடு!

இது உரிமம் வாங்கிய கம்பெனிகளுக்கு. வாட்ஸ்-அப் போன்ற செயலிகளைப் பற்றி 2020 செப்டம்பரில் பேசிய டிராய், இப்போதைக்குத் தனிக் கட்டுப்பாடு தேவை இல்லை என்று சொல்லிவிட்டது.

அரசால் முடியாதா? முடியும். ‘டிஜிட்டல் கைது’ போன்ற மோசடிகள் பெருகியதும், செயலிகள் சிம் கார்டுடன் பிணைக்கப்பட்டே வேலை செய்ய வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்பு துறை உத்தரவு போட்டது. 90 நாள் கெடுவும் வைத்தது. பணத்தைக் காப்பாற்ற உத்தரவு போட முடிந்தது. உயிரைக் காப்பாற்றவும் ஒரு உத்தரவு போடலாமே என்று மக்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

நல்லதே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எல்லா உதவிக்கும் ஒரே எண் 112 என்ற திட்டத்தில் தமிழ்நாடு 2019 பிப்ரவரியில் சேர்ந்தது. 2017 முதல் விற்கும் போன்களில் ஆபத்து பட்டன் இருக்க வேண்டும், 2018 முதல் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி செய்தது. 112-க்கு ஆண்ட்ராய்டு போனில் இருந்து அழைத்தால் இருப்பிடம் தானாகவே போய்ச்சேரும் வசதி உத்தரப்பிரதேசத்தில் 2025 டிசம்பரில் வந்தது. டவர் இல்லாத ஊர்களுக்கு 4-ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை 26 ஆயிரத்து 316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடு முழுவதும் 24 ஆயிரத்து 680 கிராமங்கள் இதில் அடக்கம்.

ஆனால் இவை எல்லாம் டவர் அழைப்புக்கு. இன்டர்நெட் செயலி மட்டும் உள்ள வீட்டுக்கு எதுவும் இல்லை.

பெங்களூருக்குப் போகும் 108!

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது.

மலையில் உள்ள மனைவி பதறிப்போய் பெங்களூரில் உள்ள கணவருக்கு வாட்ஸ்-அப்பில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடனே 108 போடுவார். யார் எடுப்பார்கள்? கர்நாடக மாநிலத்து 108! 112 போட்டாலும் அதே கதிதான். மூன்று இலக்க எண் எந்த மாநிலத்தில் இருந்து அடிக்கிறோமோ அந்த மாநிலத்துக்குத்தான் போகும். கன்னடம் பேசுபவரிடம் ஜமுனாமரத்தூரை விளக்கி முடிப்பதற்குள் மலையில் விஷம் தலைக்கு ஏறிவிடும்.

பிழைப்புக்காக வெளி மாநிலம் போகிறவர்கள் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜவ்வாது மலை மட்டும் அல்ல.

மக்கள் என்ன செய்யலாம்?

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சில வழிகள் இருக்கின்றன.

1. சிம் கார்டில் சிக்னல் இல்லை என்றாலும் 112 போட்டுப் பாருங்கள். உங்கள் கம்பெனி டவர் இல்லாமல் வேறு கம்பெனி டவர் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு போகும்படிதான் செல்போன் செய்யப்பட்டு இருக்கிறது. 108 கிடைக்காத இடத்தில் 112 கிடைக்க வாய்ப்பு உண்டு.

2. ஆரம்ப சுகாதார நிலையம், போலீஸ் நிலையம், பக்கத்து ஊர் வண்டிக்காரர் ஆகியோரின் முழு எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவரும் குறித்துக்கொள்ள வேண்டும். 10 இலக்க எண் எந்த மாநிலத்தில் இருந்து அடித்தாலும் சரியான இடத்துக்கே போகும்.

3. தமிழக போலீசின் ‘காவல் உதவி’, மத்திய அரசின் ‘112 இந்தியா’ ஆகிய செயலிகள் இருக்கின்றன. இருப்பிடத்தோடு உதவி கேட்கவே செய்யப்பட்டவை. ஆபத்து வந்த பிறகு தேடாமல் முன்பே போனில் போட்டு வையுங்கள்.

4. வாட்ஸ்-அப் மட்டும்தான் கதி என்றால், தமிழ்நாட்டுக்குள் இருக்கும் உறவினரைக் கூப்பிடுங்கள். இருப்பிடத்தை அனுப்பும் வசதி அதிலேயே இருக்கிறது. அதையும் அனுப்புங்கள். ஊர், ஊராட்சி, தாலுகா பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. வீட்டிலோ கடையிலோ கேபிள் இன்டர்நெட்டில் ஓடும் டெலிபோன் வைத்திருப்பவர்கள் மோடத்துக்கு ஒரு பேட்டரி வையுங்கள். இது மலைக்காரர்களுக்கு மட்டும் இல்லை, மண்ணடி வியாபாரிக்கும்தான்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

மலைக்கு இன்டர்நெட் கொண்டு போகும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிபந்தனை போதும். ‘உன் இணைப்பில் இருந்து 112 போக வேண்டும். எந்தக் கம்பத்தில், எந்தத் தட்டில் இருந்து வருகிறது என்ற இடமும் கூடவே போக வேண்டும்’. கம்பம் எங்கே நடப்பட்டது, தட்டு எங்கே பொருத்தப்பட்டது என்று கம்பெனிக்குத் தெரியும். பில் போட அந்த விலாசம் வேண்டும் அல்லவா? பில்லுக்குப் பயன்படும் விலாசம் ஆம்புலன்சுக்கும் பயன்படட்டும்.

மாநில அரசு தன் பங்குக்கு, ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் அரசாங்கக் கேபிளில் ஒரு அவசர டெலிபோனைப் பொருத்தலாம். எடுத்தால் நேராகக் கட்டுப்பாட்டு அறை. எந்த ஊர் என்பதும் திரையில் தெரியும்படி செய்யலாம். மேலே ஒரு சூரிய ஒளிப் பலகை. மலை முழுவதும் டவர் நடுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

ரோடு போடுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், டெண்டர் வேண்டும், வருடக்கணக்கில் ஆகலாம். இதற்கு மரம் வெட்ட வேண்டாம். பாறை உடைக்க வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.

2005-ல் அமெரிக்காவில் அந்தக் கையெழுத்து விழுவதற்கு ஒரு குடும்பம் ரத்தம் சிந்த வேண்டி வந்தது. டெல்லியும் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்கப் போகிறதா?